நிற்க வேண்டிய நாளுக்கு ஒரு டயர்

ஞாயிறுதோறும் விடியலில் ஆழியாறு தாண்டி வால்பாறை மலையேறும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்களையும் வண்டியை வைத்துத் தெரியும். ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310, நின்ஜா 300 என்று வரிசையாக வந்து பொள்ளாச்சி சாலையோரப் பேக்கரியில் டீ குடித்துவிட்டு, ஆறரை மணிக்குள் கிளம்பிவிடுவீர்கள். அந்தச் சாலையில்தான் இருபது ஆண்டுகளாக டயர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலருடைய சக்கரம் என் கை பட்டுத்தான் மலையேறுகிறது.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தான். ஆர்15 வண்டி, பின் டயர் பட்டன் நடுவில் முழுக்கத் தேய்ந்திருந்தது. "ண்ணா, 140 வேண்டாம், 150 போட்டு விடுங்க. பின்னால இருந்து பார்த்தா பெரிய வண்டியாட்டம் இருக்கோணும்" என்றான். ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினேன். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேச்சிலேயே "சரிங்ண்ணா, வேற கடைல பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டான். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லாமல் விட்டது அன்றிலிருந்து உறுத்துகிறது. அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

படிக்கும்போதே ஒன்று செய்யுங்கள். பர்ஸிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் எட்டரை சென்டிமீட்டர், அகலம் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பரப்பு 46 சதுர சென்டிமீட்டர். இனி ஒரு சின்னக் கணக்கு. ஆர்15 வண்டி பெட்ரோலோடு 142 கிலோ. நீங்கள் 70 கிலோ என்றால் மொத்தம் 212. அதில் ஏறத்தாழப் பாதி, 106 கிலோ, பின் சக்கரத்தின் மேல். அந்த டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் 2.3 கிலோவைத் தாங்கும். 106-ஐ 2.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 46 வரும். டயர் சாலையைத் தொடுகிற இடம் உங்கள் கையில் இருக்கும் அந்த அட்டையின் அளவுதான். முன்னால் ஓர் அட்டை, பின்னால் ஓர் அட்டை. எஞ்சினின் இழுவையும், நீங்கள் பிடிக்கும் பிரேக்கும், வளைவில் வண்டியைச் சாய்க்கும் துணிச்சலும் அந்த இரண்டு அட்டை வழியாகத்தான் சாலைக்கு இறங்குகின்றன. சைலன்ஸரை மாற்றுவதற்கு ஆறு மாதம் விசாரிக்கிறீர்கள். இந்த இரண்டு அட்டையை மாற்றுவதற்கு அரை மணி நேரமாவது என்னோடு உட்காருங்கள்.

டயர் தேர்வைக் கடையிலிருந்து தொடங்கக் கூடாது, சாலையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் சாலை எது? கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை நேர் சாலை. வெயில் ஏற ஏறத் தார் கொதிக்கும். ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனையில் நின்று ஆழியாறு அணையைப் பார்த்துப் படம் எடுக்கிறீர்களே, அதுவரைக்கும் பெரும்பாலும் காய்ந்த சாலை. அதற்கு மேலே ஏறி அட்டகட்டி தாண்டினால் வேறு உலகம். மூடுபனி, மரத்தடிப் பாசி, மண் வழிந்த ஓரம், வளைவில் பாரவண்டி சிந்திவிட்டுப் போன டீசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை பொள்ளாச்சியில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும். தென்னிந்தியாவில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் அந்த மலையில்தான் இருக்கிறது.

ஒரே காலைப்பொழுதில் கொதிக்கும் தாரையும் குளிர்ந்த ஈரத்தையும் ஒரே டயர்தான் தாங்க வேண்டும். போகிற வழியில் டயர் மாற்ற முடியாது. அதனால் டயரை உங்கள் நல்ல நாளுக்காக வாங்காதீர்கள். வளைவுக்கு நடுவே மாடு நிற்கும், சாலை நனைந்திருக்கும், பின்னால் தங்கையோ நண்பனோ உட்கார்ந்திருப்பார். வண்டி நின்றே ஆக வேண்டிய அந்த ஒரு நாளை மனதில் வைத்து வாங்குங்கள். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

இப்போது டயரின் பக்கவாட்டைப் படிக்கப் பழகுங்கள். ஆர்15-இன் பின் டயரில் 140/70 ஆர்17 66எச் என்று இருக்கும். 140 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. 140-இல் 70 விழுக்காடு 98 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 66 என்பது பாரக் குறியீடு. அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 58 என்றால் 236 கிலோ, 54 என்றால் 212 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கிலோமீட்டர். பி என்றால் 150, எஸ் என்றால் 180, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. "நான் 210-இல் போகப் போவதில்லையே, எஸ் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேகக் குறியீடு வெறும் வேகத்தைச் சொல்வதில்லை. சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும், உள்கட்டு எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்தே அது சொல்கிறது. கம்பெனி கொடுத்த எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

இனி அந்தத் தம்பி கேட்ட 150-க்கு வருகிறேன். 140/70 டயரின் முழு விட்டம் எவ்வளவு? ரிம் 432 மில்லிமீட்டர், மேலும் கீழும் 98, ஆக 628. அவன் கேட்ட 150/60 டயருக்கு உயரம் 90 மட்டுமே, விட்டம் 612. அகலம் கூடியது, உயரம் குறைந்தது. வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கிவிடும். பின்பக்கம் இறங்கினால் முன் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் படுத்துக்கொள்ளும்; ஹேண்டில் திரும்புவது மந்தமாகும். கொண்டை ஊசி வளைவுக்காகவே வண்டி வாங்கிவிட்டு, வளைவில் திரும்ப மறுக்கும் வண்டியாக அதை மாற்றுவதற்கு நாமே காசு கொடுக்கிறோம். சக்கரத்தின் சுற்றளவும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் குறையும். கிட்டத்தட்ட இரண்டரை விழுக்காடு. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றுக்கொன்று எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு அமைத்ததுதான் ஏபிஎஸ். அந்தக் கணக்கோடு விளையாடக் கூடாது.

"அகலம் கூடினால் பிடி கூடாதா ண்ணா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. லைசென்ஸ் அட்டையை மறுபடி பாருங்கள். அதன் பரப்பைத் தீர்மானித்தவை பாரமும் காற்றழுத்தமும்தான். அவை மாறாதபோது, அகல டயர் போட்டால் அட்டை குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகும். பரப்பு அதிகம் கூடிவிடாது. அதோடு, ரிம்மின் அகலத்துக்கு மீறிய டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடு கூம்பிக்கொள்ளும். டயர் செய்தவன் எந்த வளைவை வரைந்து அனுப்பினானோ அந்த வளைவு கெட்டுவிடும். இன்னொன்றையும் சொல்கிறேன்: அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, அகல டயர் போட்ட வண்டியை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். பெரிய வண்டிகளில் 180, 190 போடுவது அவற்றின் சக்தியைத் தாங்குவதற்காக. ஆர்15-இன் 18.4 குதிரைத்திறனுக்கு 140 குறைச்சல் இல்லை. பொறியாளர்கள் தேர்ந்து கொடுத்த அளவு அது. ஆர்சி 390-க்கும் ஆர்ஆர் 310-க்கும் கம்பெனி கொடுத்தது 150/60. உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த அளவு அச்சாகியிருக்கிறதோ அதைப் போடுங்கள். அழகு வேண்டுமென்றால் வண்டியைத் துடைத்து வையுங்கள். நான் சோப்பும் துணியும் தருகிறேன்.

உங்களில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் வேறொன்று கேட்கிறீர்கள்: ரேஸ் ட்ராக்கில் போடும் மென் ரப்பர் டயர். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பார்த்திருப்பீர்கள், மோட்டோ ஜிபி பந்தயத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்தயத்தைக் கவனித்துப் பாருங்கள். வண்டி கிளம்பும்வரை டயர் மேல் போர்வை போர்த்தி மின்சாரத்தில் சூடேற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த ரப்பர் பிடிக்கத் தொடங்குவதே அந்தச் சூட்டில்தான். குளிர்ந்த மலைச்சாலையில் அதே டயர் கல்லாட்டம் கிடக்கும். நேர் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் தேவையான சூடு ஒருநாளும் ஏறாது. மழை வந்தால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். உலகத்திலேயே தலைசிறந்த ஓட்டுநர்கள் பிட்டுக்குள் வந்து, மழை டயர் மாட்டித் தயாராக நிற்கும் இன்னொரு வண்டியில் ஏறிப் போகிறார்கள். அவர்களாலேயே மழையில் அந்த டயரோடு ஓட்ட முடியவில்லை. அவர்களுக்கு இன்னொரு வண்டி நிற்கிறது. இருபதாவது வளைவில் மழை பிடித்தால் உங்களுக்கு என்ன நிற்கிறது? ட்ராக் நாளுக்குப் போகிறவர்கள் அதற்கென்று தனி டயர் வைத்துக்கொள்ளுங்கள். நம் சாலைக்கு அது வேண்டாம்.

அப்படியானால் எதைப் போடலாம்? நான் சொல்வது இதுதான். பின்னால் ரேடியல் வந்த வண்டிக்கு ரேடியலே போடுங்கள். ரேடியல் டயரில் உள்ளிருக்கும் நூல் அடுக்கு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். அதன் மேல் சுற்றிலும் பட்டை கட்டியிருக்கும். பயாஸ் டயரில் நூல்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிப் பின்னியிருக்கும். ரேடியலில் பக்கவாட்டு வளைந்து கொடுக்கும், தரையைத் தொடும் பகுதி தட்டையாகப் படியும், சூடும் குறைவு. ஆர்15 கம்பெனியிலிருந்து வரும்போதே முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்று வருகிறது. அது சோதித்துப் பார்த்துக் கொடுத்த சேர்க்கை. இதைத் தலைகீழாக்கி முன்னால் ரேடியல், பின்னால் விலை குறைந்த பயாஸ் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டு சக்கரமும் இரண்டு விதமாகப் பேசும். வளைவுக்கு நடுவே அது தெரியவரும்.

அடுத்தது ரப்பர் கலவை. தினமும் கல்லூரிக்கோ வேலைக்கோ அவிநாசி சாலையில் போய்விட்டு ஞாயிறு மட்டும் மலையேறுகிறவர்களுக்கு, நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மென் ரப்பரும் சேர்த்த இரட்டைக் கலவை டயர் பொருத்தமானது. நேர் சாலையில் நடு தாக்குப்பிடிக்கும், சாயும்போது ஓரம் பிடிக்கும். சிலிகா அதிகம் சேர்ந்த கலவை ஈரத்திலும் குளிரிலும் பிடி விடாது; கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். நீண்ட பயணமும் மலையும் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு ஸ்போர்ட் டூரிங் வகைதான் சரி. 2020-இல் ஆர்ஆர் 310-க்கு மிஷ்லின் ரோடு 5 டயரைக் கம்பெனியே மாட்டிக் கொடுத்தது. அது அந்த வகைதான். மழைநீரை வெளியேற்றப் பள்ளங்களை யோசித்து வெட்டிய டயர். ஒசூரில் செய்யும் ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டிக்கே ட்ராக் டயரைத் தேடாமல் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டு டயர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்து, அதுவரை மொட்டை டயரில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது. பல மாடல்களின் வரத்து அப்படித்தான் இருக்கும். காத்திருக்க வேண்டியதில்லை. எம்ஆர்எஃப் ஸ்டீல் பிரேஸ், அப்போலோ ஆல்ஃபா எச்1, மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம் என்று நம் ஊர்க் கம்பெனிகளே இந்த வண்டிகளுக்கு ரேடியல் செய்கின்றன.  இன்று கையில் கிடைக்கும் புதிய நல்ல டயர், அடுத்த மாதம் வரப்போகும் சிறந்த டயரைவிட மேலானது. மழை உங்கள் பார்சலுக்காகக் காத்திருக்காது.

பின் டயர் மட்டும் மாற்றினால் போதுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பின் டயர் சீக்கிரம் தேயும், உண்மைதான். நேர் சாலையிலேயே அதிகம் ஓட்டினால் அதன் நடு தட்டையாகிப் பலகை போலாகிவிடும். அப்படிப்பட்ட டயரைச் சாய்த்தால் தட்டையின் விளிம்பில் ஏறி வண்டி சட்டென்று விழுவது போல் சாயும். அதைக் கழற்றிவிட்டு உருண்ட புதிய டயர் போட்டதும், முன் டயரின் குறை அப்போதுதான் வெளியே தெரியும். முன் டயரில் பாதிக்கு மேல் தேய்மானம் இருந்தால் இரண்டையும் ஒரே மாடலில் சேர்த்தே மாற்றுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, இரண்டும் மோசம் என்றால் முன்னதை முதலில் மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சிலசமயம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்கே நேரம் இருக்காது. இருசக்கர வண்டிக்குப் பட்டன் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்கிறது நம் மோட்டார் வாகன விதி. அது சட்டத்தின் கடைசி எல்லை. மலையில் மழையில் ஓட்டுகிறவர்கள் 2 மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008-இல் ஆர்15 முதன்முதலாக வந்தபோதே வாங்கியவன் நான். 2014 ஜூலையில் பின் டயர் மாற்ற வேண்டியிருந்தது. முதல் மாடலுக்கு 18 அங்குலப் பின் சக்கரம். அந்த அளவு எளிதில் கிடைக்காது. தெரிந்த இடத்தில் விலை குறைத்து ஒன்று கொடுத்தார்கள். பட்டன் முழுசாக, கறுகறுவென்று புத்தம் புதிதாக இருந்தது. தொழிலில் இருந்தவன்தான் நான்; ஆனாலும் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைப் படிக்கவில்லை. மறு ஞாயிறே வால்பாறைக்குப் போனேன். இறங்கும் வழியில் சாரல். பதினெட்டாவது வளைவு. வேகம் முப்பதுகூட இருக்காது. பின் சக்கரம் தானாக வெளியே போனது. காறை எலும்பு முறிந்தது. எதிரில் பேருந்து வராததால் அத்தோடு போயிற்று. வீட்டுக்கு வந்த வண்டியில் டயரைத் துடைத்துப் பார்த்தேன். 1108 என்று இருந்தது. 2008-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். ஆறு ஆண்டு எங்கோ ஒரு கிடங்கில் காய்ந்து கிடந்த டயர் அது. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது.

அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்த நாலு எண்ணைத்தான் காட்டுகிறேன். நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் ஆண்டு. 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ரப்பர் ஓடாமலே முதுமை அடையும். வெயிலும் காற்றும் அதன் நெகிழ்வை உறிஞ்சிவிடும். ஐந்து ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும் வல்லவரிடம் காட்டுங்கள், பத்து ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள் என்கிறது மிஷ்லின். நம் வெயிலில், நம் மலையில், ஐந்துக்கு மேல் நான் நம்புவதில்லை. புதிதாக வாங்கும்போது ஓராண்டுக்குள் செய்ததாகப் பாருங்கள். ட்ராக்கில் ஓட்டிக் கழற்றிய டயரை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்காதீர்கள். அது எத்தனை முறை கொதித்து ஆறியது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

டயர் மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். எந்தக் கடையானாலும் சரி, என் கடையானாலும் சரி, இவற்றைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். சுழலும் திசைக்கான அம்புக்குறி சரியாக இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். டயரோடு வால்வும் புதிதாகட்டும். சக்கரத்தை டிஸ்க் தரையில் படும்படி கிடத்தக் கூடாது. ஏபிஎஸ் வளையத்தில் இரும்புக் கம்பி படக் கூடாது. பேலன்ஸ் பார்க்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. சக்கரம் வெளியே இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், சொரசொரவென்றால் மாற்றிவிடுங்கள். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கி, செயின் தொய்வையும் இருபக்க அளவுக் கோட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று, இதை மறந்தே விடாதீர்கள்: கிளம்புவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்துங்கள். சக்கரம் கழற்றும்போது பேடு விலகியிருக்கும். முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. கடை வாசலிலேயே நடந்த விபத்துகளை நான் பார்த்திருக்கிறேன்.

புது டயர் அச்சிலிருந்து வழுவழுவென்று வரும். முதல் 150 கிலோமீட்டருக்கு வண்டியை முறுக்கி ஓட்டாதீர்கள், சட்டென்று சாய்க்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பைக் கூட்டுங்கள். சாலையே அதைச் சொரசொரப்பாக்கிவிடும். டயர் பாலிஷை எப்போதும் தரை தொடும் பகுதியில் பூசாதீர்கள். புது டயர் மாட்டிய மறுநாளே மலைக்குக் கூட்டம் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். பங்க்கில் இருக்கும் மீட்டரை மட்டும் நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வையுங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். மலையில் பிடி கிடைக்கும் என்று காற்றைக் குறைத்துப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். குறைந்த காற்றில் பக்கவாட்டு அதிகம் மடங்கிச் சூடேறும். குழியில் விழுந்தால் அலாய் வளையும். பின்னால் ஆள் ஏறினால் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கூட்டுங்கள். நைட்ரஜன் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வாரம் தவறாமல் பார்ப்பது அதைவிடப் பலன் தரும்.

பஞ்சரானால் நடுப்பகுதியில் இருக்கும் சின்ன ஆணி ஓட்டைக்கு ஸ்டிரிப் சொருகி வீடு வந்து சேரலாம். அதோடு மலையேறலாம் என்று எண்ணாதீர்கள். டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து மஷ்ரூம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. எந்தக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் ஒட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம் என் மனதை வாட்டுகிறது. டயர் ஓரத்தில் தேயாமல் இருக்கும் பட்டையைச் சிக்கன் ஸ்ட்ரிப் என்று சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்கிறீர்கள். அந்தப் பட்டையை அழிப்பதற்காகவே சிலர் தெரியாத வளைவில் வண்டியைப் படுக்கவைக்கிறார்கள். தம்பி தங்கைகளே, அந்தத் தேயாத பட்டை உங்கள் கையிருப்பு. வளைவு நினைத்ததைவிட இறுகினால், எதிரில் லாரி நடுக்கோட்டைத் தாண்டி வந்தால், அப்போது இன்னும் கொஞ்சம் சாய்ப்பதற்கு வைத்திருக்கும் இடம் அது. சாலையில் ஓட்டுகிறவர் அதைச் செலவழித்துவிடக் கூடாது. அரை அங்குலம் மிச்சம் வைத்து வீடு திரும்புகிறவரை நான் நல்ல ஓட்டுநர் என்பேன். கேலி செய்கிற நண்பரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு டயர் விற்பதற்காக எழுதினேன் என்று எண்ணிவிடாதீர்கள். என்னிடம் வாங்க வேண்டாம். மழை தொடங்குவதற்கு முன் வருகிற இரண்டு ஞாயிறும் காலை ஐந்தரை மணிக்கே கடையைத் திறந்து வைக்கிறேன். பேக்கரிக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பட்டன் ஆழம் அளந்து சொல்கிறேன், காற்றுப் பார்த்துத் தருகிறேன், பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணை நீங்களே படிக்கும்வரை கூட உட்காருகிறேன். மாற்ற வேண்டும் என்றால் மாற்ற வேண்டும் என்று சொல்வேன். இன்னும் ஓடும் என்றால் ஓடும் என்று சொல்வேன். காசு வேண்டாம்.

அன்றைக்குப் பாதிப் பேச்சில் போன தம்பி, நீயும் வா. 150 போட்டிருந்தாலும் பரவாயில்லை, கோபமில்லை. இந்த முறை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டே பேசுகிறேன்.

அன்புடன்,
பொள்ளாச்சி சாலை டயர் கடை அண்ணன்